கண்டதும் உணர்ந்ததும்: சேர் ஹம்பிறி டேவியின் வாழ்வு

நாள்தோறும் நாம் உணவிற் சேர்க்கும் உப்பு, தனித்தனியே தொடுதற்கும் அஞ்சத்தக்க இரு பொருள்களின் சேர்க்கையாற் பிறப்பது என்று கூறினால், முதன்முறை கேட்கும் மாணவன் நம்பத் தயங்குவான். அத்தயக்கத்தைப் போக்கவே இரசாயன ஆசிரியர் ஒரு பரிசோதனையைச் செய்து காட்டுகிறார். மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்த சோடியத்தை எடுத்துக் கத்தியால் அறுக்கிறார். மெழுகைப் போல அறுபடும் அவ்வுலோகத்தின் புதுமுகம் வெள்ளியென ஒளிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மங்கிப் போகிறது. பயற்றளவான ஒரு துண்டை எண்ணெய் போகத் துடைத்து, நீண்ட காம்புடைய இரும்புக் கரண்டியில் இட்டுச் சுடரிற் காட்டுகிறார். அஃது உருகித் தீப்பற்றியதும், இளம்பச்சை நிறமான குளோரீன் வாயு நிறைந்த சாடிக்குள் இறக்குகிறார். கண்ணைக் கூசச் செய்யும் மஞ்சட் சுவாலை எழுகிறது. வெண்புகை சாடியை நிரப்புகிறது. பச்சை நிறம் மெல்ல மறைகிறது. ஈற்றிற் சாடியின் சுவரிற் படிந்து எஞ்சுவது வெண்ணிறத் தூள் ஒன்று. அதுவே உப்பு.

நீர் பட்டவுடன் சீறி எழும் உலோகம் ஒன்று. சுவாசப்பையை அரிக்கும் அல்லுலோகம் மற்றொன்று. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆந் திகதி ஈப்பர் போர்க்களத்திற் போர்வீரரைக் கொன்றது இக்குளோரீன் வாயுவே. அவ்வாறான இரண்டும் 23 பங்குக்கு 35.5 பங்கு என்னும் நிறை விகிதத்தில் ஒன்றுகூடும்போது, இரண்டின் குணமும் ஒழிந்து, உயிர்களுக்கு இன்றியமையாத மூன்றாவது பொருள் பிறக்கின்றது. சேர்வை என்பது வெறுங் கலவை அன்று என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

ஆயினும், இப்பரிசோதனையின் வரலாற்றில் நுணுக்கமான செய்தியொன்று மறைந்து கிடக்கின்றது. சோடியத்தை முதன்முதற் பிரித்தெடுத்து, அதனை இப்பச்சை வாயுவில் எரித்து, பிறந்தது உப்பே எனக் கண்டவர் ஒருவர். கண்டது 1807இல். ஆனால், தாம் கண்டது யாது என்பதை அவரே முற்றாக உணர்ந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1810இலேயாம். அவர்தாம் சேர் ஹம்பிறி டேவி. காண்பதற்கும் உணர்வதற்கும் இடையிலுள்ள தூரம் எத்துணைப் பெரிது என்பதை அப்பெருமகனின் வாழ்வு பலவிடத்தும் எடுத்துக்காட்டுகின்றது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் கோண்வால் மாவட்டத்துப் பென்சான்ஸ் என்னும் ஊரில், 1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி டேவி பிறந்தார். தந்தையார் மரத்திற் சித்திர வேலை செய்பவர். அவர் 1794இல் இறந்தபோது குடும்பத்திற்கு விட்டுச் சென்றது கடன் சுமையே. ஐந்து பிள்ளைகளுள் மூத்தவரான டேவி அடுத்த ஆண்டே போர்லேஸ் என்னும் சத்திரவைத்தியரிடம் மருந்து கலக்கும் தொழில் பயிலச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மாணவராக மிதித்ததில்லை. மீன்பிடித்தலும், கதை சொல்லலும், கவிதை புனைதலும் அவருடைய இளமைக்கால விருப்பங்கள். 1797ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் இலவாசியேயின் இரசாயன நூல் அவர் கைக்கு எட்டியது. அந்நூலே அவருக்கு ஆசான் ஆயிற்று. பின்னாளில் அவ்வாசானின் கொள்கையொன்றைத் தாமே வீழ்த்த நேரும் என்பதை அவ்விளைஞர் அன்று எண்ணியிருக்க மாட்டார்.

1798இல், தமது இருபதாவது பிராயம் நிரம்பு முன்னரே, பிரிஸ்ரல் நகரை அடுத்த கிளிப்ரனில் வைத்தியர் தோமஸ் பெடோஸ் நடத்திய வாயுச் சிகிச்சை நிலையத்தில் ஆய்வாளர் பதவி அவரைத் தேடி வந்தது. வாயுக்களைச் சுவாசிப்பதால் நோய் தீருமா என்று ஆராய்வதே அந்நிலையத்தின் நோக்கம். இளமையின் அவசரத்தால் ஒளியையும் வெப்பத்தையும் பற்றி அவர் எழுதி 1799இல் வெளிவந்த கட்டுரைகள், போதிய சான்றின்றிக் கட்டிய கோட்டைகளாய் இருந்தமையால், அறிஞரின் ஏளனத்திற்கு ஆளாயின. அந்த அவமானம் அவருக்கு நன்மையே செய்தது. பரிசோதனையின் துணையின்றி ஒரு கொள்கையையும் நம்பலாகாது என்னும் விரதத்தை அவர் அதன்பின் மேற்கொண்டார்.

அவ்வாண்டே நைத்திரசு ஒட்சைட்டு என்னும் வாயுவைத் தயாரித்துத் தாமே சுவாசித்தார். உள்ளத்தைக் களிப்பில் ஆழ்த்திச் சிரிப்பூட்டும் அவ்வாயுவைச் சுவாசிக்கக் கவிஞர் கோல்றிட்ஜ் முதலிய நண்பரும் கூடினர். வேறொரு நாள் காபனோரொட்சைட்டுக் கலந்த வாயுவைச் சுவாசித்து உயிரிழக்கும் நிலைக்கும் சென்று மீண்டார். 1800இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் முடிவிலே, நைத்திரசு ஒட்சைட்டு உடல் நோவை அகற்ற வல்லதாகையால், அதிக இரத்தப்பெருக்கு இல்லாத சத்திரசிகிச்சைகளிற் பயன்படக்கூடும் என்று ஒரு குறிப்பும் எழுதினார். எழுதியவர் அதனை அப்படியே விட்டுவிட்டு வேறு வழி சென்றார். மற்றையோரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவிற் பல் வைத்தியர் ஒருவர் 1844இல் அவ்வாயுவை நோவு நீக்கப் பயன்படுத்தும் வரை, நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள், நோயாளர் கத்தியின் கொடுமையை முழு உணர்வோடு அனுபவித்தனர். கண்டும் உணராது கைவிட்ட உண்மைகளுள் இஃது ஒன்று.

1799இல் இலண்டன் மாநகரில் றோயல் நிறுவனம் தோன்றியது. விஞ்ஞான அறிவைப் பொதுமக்களிடையே பரப்புதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான றம்போட் பிரபு 1801இல் டேவியை அங்கு அழைத்தார். கோண்வால் கிராமியப் பேச்சு மாறாத, சிறு உருவினரான அவ்விளைஞரின் முதல் விரிவுரையே இலண்டனைக் கவர்ந்தது. சுடரும் முழக்கமும் புகையும் நிறைந்த செய்துகாட்டல்களைக் காணச் சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டனர். விரிவுரை நாள்களில் நிறுவனம் இருந்த அல்பமாள் வீதி வண்டிகளால் அடைபட்டது. கவிதை உள்ளமும் ஆய்வுக் கையும் ஒருங்கே பெற்றவர் அவர். ஒவ்வொரு செய்துகாட்டலையும் முன்கூட்டியே பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே அவைக்கு வருவார். வேடிக்கை காட்டுவோனுக்கும் ஆசிரியனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். வேடிக்கை வியப்போடு முடிகிறது; பாடமோ வியப்பிலிருந்து தொடங்குகிறது.

அக்காலத்தில் இத்தாலிய அறிஞர் வொல்ற்றா 1800இல் அறிவித்த மின்னடுக்கு ஐரோப்பா முழுவதையும் வியப்பில் ஆழ்த்தியிருந்தது. செப்பும் நாகமும் ஆகிய தகடுகளை அடுக்கிப் பெறும் மின்னோட்டம் நீரைப் பிரிக்கும் என்பதும் தெரிந்திருந்தது. பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இரசாயனக் கவர்ச்சி மின்னியல்பு உடையதாயின், மின்னாலேயே அப்பிணைப்பை அவிழ்க்கவும் முடியும் எனக் கருதிய டேவி, 1806இல் றோயல் சங்கத்தின் முன் நிகழ்த்திய விரிவுரையில் அக்கருத்தை விளக்கினார். இங்கிலாந்தும் பிரான்சும் கடும்போரில் ஈடுபட்டிருந்த வேளையிலும், பிரெஞ்சு அறிஞர் சபை அதற்காக அவருக்கு 3000 பிராங்கு பரிசை வழங்கத் தீர்மானித்தது.

அடுத்த ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே பெருவெற்றி கிட்டியது. எரிபொற்றாசு, எரிசோடா என்னும் காரப்பொருள்களை எவரும் அதுவரை பிரித்ததில்லை. அவற்றின் நீர்க்கரைசலிலே மின்னைச் செலுத்தினால் நீர்தான் பிரிந்தது. ஆகவே, காற்றின் ஈரத்தாற் சிறிதே நனைந்த எரிபொற்றாசுத் துண்டொன்றைப் பிளாற்றினத் தட்டில் வைத்து, தட்டை மின்னடுக்கின் எதிர்முனையோடும், துண்டின் மேற்புறத்தை நேர்முனையோடும் இணைத்தார். துண்டு உருகத் தொடங்கியது. அடிப்புறத்திலே இரசம் போன்ற சிறு குமிழிகள் மின்னி எழுந்தன. சில வெடித்துச் சுடர்விட்டு எரிந்தன. சில வெண்படலம் போர்த்து அடங்கின. பொற்றாசியம் என்னும் புதிய உலோகத்தை மனிதன் கண்ட முதற் கணம் அது. டேவி களிப்பு மிகுதியால் ஆய்வுகூடம் எங்கும் துள்ளிக் குதித்தார் என்று உடனிருந்த உறவினர் பதிவு செய்துள்ளார். சில நாள்களில் எரிசோடாவிலிருந்து சோடியமும் பிறந்தது. நீரில் மிதக்கும் பொருளை உலோகம் எனல் தகுமா என்று பலர் ஐயுற்றனர். பளபளப்பும், வெப்பத்தையும் மின்னையும் கடத்தும் இயல்பும் இருக்கையில் பாரமின்மை ஒன்றே தடையாகாது என்று டேவி தெளிந்தார்.

புதிதாய்ப் பெற்ற சோடியத்தை அவர் பல வாயுக்களில் இட்டுப் பார்த்தார். பச்சை வாயுவில் அது பொறிகள் பறக்க எரிந்து உப்பைத் தந்தது. இன்று நம் வகுப்பறைகளில் நிகழும் செய்துகாட்டலின் முதல் நிகழ்வு இதுவே. 1807 நவம்பரில் இச்செய்திகளை எல்லாம் றோயல் சங்கத்தின் முன் வாசித்த டேவி, சில நாள்களுள் கொடிய காய்ச்சலால் வீழ்ந்து, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

ஆனால், அப்பச்சை வாயுவின் இயல்பு யாது? 1774இல் அதனை முதன்முதல் தயாரித்தவர் சுவீடன் நாட்டு மருந்தாளர் சீலே. அமிலங்கள் யாவற்றிலும் ஒட்சிசன் உண்டு என்பது இலவாசியேயின் கொள்கை. ஒட்சிசன் என்னும் பெயருக்கே அமிலத்தைப் பிறப்பிப்பது என்பதே பொருள். எனவே, பச்சை வாயுவை ஒட்சிசன் ஏற்றிய உப்பமிலம் என்றே யாவரும் கருதினர். பெயரும் அவ்வாறே வைத்தனர். 1807இல் டேவியும் அப்பெயரையே எழுதினார். உப்பின் பிறப்பைக் கண்ணாற் கண்டவர், நூலாசிரியரின் கண்ணாடி வழியே அதனைக் கண்டார். ஆதலால், உப்பின் ஒரு பாதியாகிய மூலகம் தம் எதிரிலே நின்றும் அவருக்குத் தெரியவில்லை.

அவ்வாயுவில் ஒட்சிசன் இருக்குமாயின், அதனைப் பிரித்துக் காட்ட வேண்டும் அல்லவா? ஒட்சிசனைப் பற்றி இழுப்பதிற் கரிக்கு நிகரானவை சில. ஆகவே, டேவி கரியை மின்னடுக்கின் உதவியால் வெண்சூடாகும்வரை அவ்வாயுவுக்குள்ளே வைத்துக் காய்ச்சினார். ஒட்சிசன் இருந்தாற் காபனீரொட்சைட்டு உண்டாதல் வேண்டும், உண்டாகவில்லை. நன்கு உலர்ந்த வாயுவோடு உலோகங்களைச் சேர்த்தார். ஒட்சிசனின் சுவடே காணப்படவில்லை. எத்தனை வாயில்களைத் தட்டியும் உள்ளே ஆளில்லை என்றால், வீடு வெறுமையானது எனக் கொள்வதே முறை. 1810இல் றோயல் சங்கத்தின் முன் அவர் துணிந்து உரைத்தார்: அவ்வாயு சேர்வை அன்று, பிரிக்கப்படாத மூலகம். பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குக் குளோரீன் எனப் பெயரிட்டார். உப்பமிலம் என்பது ஐதரசனும் குளோரீனும் சேர்ந்தது. அதில் ஒட்சிசன் இல்லை. தமக்கு இரசாயனம் கற்பித்த நூலின் கொள்கையை மாணவர் திருத்தினார். பழைய பரிசோதனைக்கும் அன்றே புதுப்பொருள் பிறந்தது. உப்பு என்பது ஓர் உலோகமும் ஓர் அல்லுலோகமும் நேரே கூடிய சேர்வை என்பது தெளிவாயிற்று.

எளிதில் இதனை உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. சுவீடனின் பேரறிஞர் பேர்சீலியசு பல ஆண்டுகள் மறுத்து நின்றார். எடின்பரோவைச் சேர்ந்த ஜோன் மறே என்பவரும் எதிர்வாதம் புரிந்தார். அவருக்கு விடை கூற முன்வந்தவர் டேவியின் தம்பியார் ஜோன் டேவி. அவ்வாதத்திற்காகச் செய்த பரிசோதனைகளின் பயனாகவே, காபனோரொட்சைட்டும் குளோரீனும் சூரிய ஒளியிற் கூடிப் பிறக்கும் பொசுசீன் என்னும் வாயுவை 1812இல் அவர் அறிவித்தார். இந்த ஜோன் டேவி நமக்கு அந்நியர் அல்லர். கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாகி ஓராண்டின் பின், 1816இல், படை வைத்தியராக இலங்கைக்கு வந்து, 1820 வரை இங்கு வாழ்ந்து, சிவனொளிபாதமலை ஏறி, நாட்டின் மண்ணையும் கல்லையும் நீரையும் ஆராய்ந்து, இலங்கையின் உட்பகுதியைப் பற்றி 1821இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் அவரே. தமையனாரின் ஆய்வுகூடத்திற் பயின்ற கண்ணே இத்தீவின் இயற்கையையும் நோக்கியது.

1812ஆம் ஆண்டு டேவியின் வாழ்விற் பல திருப்பங்களைக் கொணர்ந்தது. ஏப்ரல் மாதத்திற் சேர் பட்டம் கிடைத்தது. மூன்றாம் நாள் செல்வச் சீமாட்டி ஒருவரை மணந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய விரிவுரைகள் நான்கினைக் கேட்க, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற ஏழை இளைஞன் ஒருவன் வந்திருந்தான். கொல்லனின் மகனாகிய அவன், கேட்டவற்றை எல்லாம் படங்களோடு எழுதித் தன் கையாலேயே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினான். வெடி விபத்தொன்றிற் கண்ணிற் காயமுற்றிருந்த டேவிக்கு உதவியாளர் தேவைப்பட்டது. 1813 மார்ச்சு மாதம், வாரம் 25 சிலிங் சம்பளத்தில் அவ்விளைஞன் றோயல் நிறுவனத்திற் சேர்ந்தான். அவன்தான் பின்னாளில் உலகு புகழ்ந்த மைக்கேல் பரடே.

அவ்வாண்டின் இறுதியில், போர் நடந்துகொண்டிருந்தும், நெப்போலியனின் அனுமதிச்சீட்டோடு டேவி தம் மனைவியாருடனும் பரடேயுடனும் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரிசிலே அயடீன் ஒரு மூலகம் என ஆராய்ந்து கண்டார். புளோரன்சிற் பெரிய குவிவில்லையாற் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்து, அதுவும் காபனே என உறுதி செய்தார். மிலானில் முதியவரான வொல்ற்றாவைக் கண்டார். இவ்வரும்பெரும் கல்வி பரடேக்கும் கிடைத்தது. ஆயினும், டேவியின் மனைவியார் அவரை வேலையாளாகவே நடத்தினார். ஆசிரியர் அதனைத் தடுக்கவில்லை.

1815இல் நாடு திரும்பிய டேவியை நிலக்கரிச் சுரங்கத்தாரின் வேண்டுகோள் எதிர்கொண்டது. 1812இல் பெலிங் சுரங்கத்தில் எரிவாயு வெடித்து 92 பேர் மாண்டிருந்தனர். சுடரை நுண்ணிய கம்பிவலையாற் சூழ்ந்தால், வலை வெப்பத்தைப் பரப்பிக் குளிர்விப்பதால், தீ வெளியே தாவாது என்பதைக் கண்டு காவல் விளக்கை அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற்றுப் பொருள் ஈட்டும்படி நண்பர் வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. நன்றி பாராட்டிய சுரங்க உரிமையாளர் அவருக்கு வெள்ளிப் பாத்திரங்களை வழங்கினர்.

1820இல் டேவி றோயல் சங்கத்தின் தலைவரானார். மரச்சித்திரக்காரரின் மகன், நியூற்றன் வீற்றிருந்த ஆசனத்தில் அமர்ந்தார். அங்குதான் அவருக்கு மிகக் கடினமான சோதனை காத்திருந்தது. 1821இல் மின்னோட்டத்தால் இடையறாது சுழலும் கம்பியைப் பரடே செய்து காட்டினார். 1823இல், டேவி தூண்டிய பரிசோதனை ஒன்றின்போது, குளோரீனைத் திரவமாக்கினார். புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் கேள்வி எழுந்தது. பரடேயின் பெயர் சங்கத்தின் அங்கத்துவத்திற்குப் பிரேரிக்கப்பட்டபோது, தலைவராய் இருந்த ஆசிரியர் அதனை எதிர்த்தார். பிரேரணையை மீளப் பெறச் செய்யவும் முயன்றார். 1824 சனவரியில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. எதிராய் விழுந்தது ஒரே வாக்கு. பரடே அங்கத்தவரானார்.

இலவாசியேயின் நூலைப் பரிசோதனையின் முன் தலைவணங்கச் செய்த அதே மனிதர், தம் கையால் வளர்ந்த மாணவனின் உயர்வை ஏற்கத் தயங்கினார். நூலிற் படித்த ஆசானைத் திருத்துதல் அறிவின் வெற்றி. ஆனால், தாமே ஆசானாய் அமர்ந்திருக்கும்போது தம்மைக் கடந்து செல்பவனுக்கு வழிவிடுதல் அறிவினால் மட்டும் ஆவதன்று. ஆயினும், டேவியை இவ்வொரு செயலால் மட்டும் அளப்பது நீதியாகாது. அடுத்த ஆண்டிலேயே, 1825இல், பரடேயை ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக்கும்படி றோயல் நிறுவனத்தில் முன்மொழிந்தவரும் அவரே. குளோரீன் விடயத்திற் போலவே, எதிரில் நின்ற உண்மையை உணர அவருக்குச் சிறிது காலம் வேண்டியிருந்தது போலும்.

1826இன் இறுதியிற் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அடுத்த ஆண்டு தலைமைப் பதவியைத் துறந்தார். உடல்நலம் தேடி ஐரோப்பிய மலைகளிலும் ஆற்றங்கரைகளிலும் அலைந்தார். மீன்பிடித்தலைப் பற்றியும், வாழ்வின் நிலையாமையைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1829 மே 29ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உயிர் நீத்தார். அப்போது அவர் வயது ஐம்பது. அருகில் இருந்தவர் தம்பியார் ஜோன். தமையனாரின் வரலாற்றையும் ஆக்கங்களையும் பின்னர் தொகுத்து உலகிற்கு அளித்தவரும் அவரே. சுரங்கத்தார் வழங்கிய வெள்ளிப் பாத்திரங்கள், சகோதரர் இருவரின் விருப்பப்படி, ஈற்றில் றோயல் சங்கத்தைச் சேர்ந்தன. இரசாயன ஆராய்ச்சியிற் சிறந்தோருக்கு 1877 முதல் வழங்கப்படும் டேவி பதக்கம் அந்த வெள்ளியின் பயனே.

வகுப்பறையிற் சோடியம் சுடர்விட்டு எரியும்போது மாணவர் கண்கள் விரிகின்றன. அவ்வளவோடு அமைதல் ஆசிரியருக்கு எளிது. ஆனால், அச்சுடரை முதலிற் கண்ட மேதைக்கே மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை நினைவிற் கொள்ளும் ஆசிரியர், சாடியின் சுவரிற் படிந்த வெண்தூளைக் காட்டி விடையைச் சொல்லிவிட விரையமாட்டார். பச்சை வாயு எங்கே போயிற்று, அதனுள் இருந்தது யாது, இல்லை என்பதை எவ்வாறு நிறுவுவது என்று கேட்பார். கேட்டபின் காத்திருப்பார். அக்காத்திருப்பின்போது தம்மினும் கூரிய விடையொன்று பின்வரிசையிலிருந்து எழுமாயின், அதனை மனமுவந்து வரவேற்பார். டேவி வென்ற இடமும் இடறிய இடமும் ஆசிரிய உலகுக்கு உணர்த்துவது இதுவே.